ஊற விட்டு இறைப்பது: கொடுத்துக் களைக்காமல் இருக்க ஒரு வழிகாட்டி

இறைக்க இறைக்கக் கிணறு ஊறும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஊறுகிற வேகத்தைவிட வேகமாக இறைத்தால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. முதலில் தண்ணீர் கலங்கும். பிறகு வாளி தரையில் இடிக்கும். அதற்குப் பிறகும் கயிற்றை விட்டால் சேறுதான் மேலே வரும். அதை வாங்கிக்கொண்டு போகிறவருக்கும் தாகம் தீராது.

நான் அப்படிச் சேறாகிப்போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை தேடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் விண்ணப்பக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். எழுத்து எனக்குக் கைவந்த வேலை. அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். அவருக்கு மகிழ்ச்சி. எனக்கும் இரண்டு நாள் மனம் இலேசாக இருந்தது. அடுத்த வாரம் இரண்டு கடிதம் கேட்டார். அடுத்த மாதம் வாரத்துக்கு நான்கு. அதுவும் இரவு பத்து மணிக்கு மேல், "நாளைக் காலைக்குள் வேண்டும்" என்ற வேண்டுகோளோடு. ஒருநாள்கூட நான் முடியாது என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைக்கப் பழகினேன். அது அதிர்ந்து அதிர்ந்து மெல்ல நகர்ந்து மேசை விளிம்புக்கு வரும். நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அழைப்புகள் நின்றுபோயின. மூன்று மாதம் கொடுத்ததில் எனக்கு மிஞ்சியது எரிச்சல், அவருக்கு மிஞ்சியது அவமானம்.

கொடுக்கும் குணம் உள்ளவர்களுக்காக எழுதப்படும் வழிகாட்டி இது. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் பணியிடங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறருக்கு அதிகம் கொடுக்கிறவர்கள் ஏணியின் அடியிலும் கூடுதலாகத் தென்பட்டார்கள், உச்சியிலும் கூடுதலாகத் தென்பட்டார்கள். குணம் ஒன்றுதான், முடிவு மட்டும் எதிரெதிர். அடியில் கிடந்தவர்கள் கேட்டவருக்கெல்லாம் கேட்டபோதெல்லாம் கொடுத்துத் தங்கள் வேலையைக் கோட்டைவிட்டவர்கள். உச்சியில் இருந்தவர்கள் தங்கள் நலன்மீதும் ஒரு கண் வைத்துக்கொண்டு கொடுத்தவர்கள். அந்த ஒரு கண்ணை எப்படி வைத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

முதல் மாதம் எழுதி மட்டும் வையுங்கள்

ஒரு குறிப்பேட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: யாருக்கு, எதை, எவ்வளவு, பிறகு எப்படி இருந்தது. கொடுப்பதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். முப்பது நாள் எழுதினால் போதும்.

"எதை" என்ற கட்டத்தில் பணம் மட்டும் வந்தால் கணக்கு தப்பு. நேரம், உடல் உழைப்பு, பரிந்துரை, காது கொடுத்துக் கேட்டது எல்லாமே கொடைதான். "எவ்வளவு" என்ற கட்டத்தில் நேர்மை வேண்டும். இருபது நிமிடத் தொலைபேசிப் பேச்சு என்று எழுதுவீர்கள். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கையில் வேலை ஓடவில்லை என்றால் அந்த இரண்டு மணி நேரமும் செலவுதான். கடைசிக் கட்டத்தில் ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போதும். தெம்பாக இருந்ததா, சோர்வாக இருந்ததா என்பதற்கு மேல் ஆராய வேண்டாம்.

மாத முடிவில் உங்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும் என்றே நினைக்கிறேன். என் குறிப்பேட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நின்று ஒரு குடும்பம் வீடு மாற உதவியதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தது. "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று வந்த பத்து நிமிட வேலைகளுக்கு வரிசையாகக் கழித்தல் குறி. பெரிய உதவி என்னைக் களைப்பாக்கவில்லை. எப்போது வரும், எப்போது முடியும் என்று தெரியாத சின்ன உதவிகள்தான் ஆளைத் தின்றிருக்கின்றன.

அளவு குறிப்பது

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்ற பழமொழியைப் பலர் கொடுக்காமலிருக்கச் சாக்காக வைத்திருக்கிறார்கள். மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் எந்த மாதமும் மிஞ்சாது என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே வருமானம் வருகிற நாளிலேயே கொடைக்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். வேறு கணக்கிலோ வேறு உறையிலோ, கண்ணுக்குத் தனியாகத் தெரியும்படி இருக்க வேண்டும்.

எவ்வளவு எடுப்பது? வீட்டுச் செலவு, கட்ட வேண்டிய தவணை, ஆபத்துக்கு உதவும் சேமிப்பில் இந்த மாதம் போட வேண்டிய பங்கு ஆகிய மூன்றையும் கழித்துவிட்டு மீதியில் ஒரு பகுதி. தொடக்கத்தில் வருமானத்தில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ போதும். ஆறு மாதம் நெருக்கடி இல்லாமல் போனால் கூட்டுங்கள். பெரிய தொகையில் தொடங்கி நான்காம் மாதம் நிறுத்துவதில் கொடுத்தவருக்குக் குற்ற உணர்வும், நம்பியிருந்தவருக்கு ஏமாற்றமும்தான் மிச்சம்.

தொகை சிறிதாயிற்றே என்று கூச வேண்டாம். எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன் மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 46 பேரிடம் காலையில் ஓர் உறையைக் கொடுத்தார்கள். சிலருடைய உறையில் 5 டாலர், சிலருடையதில் 20 டாலர். மாலை ஐந்து மணிக்குள் அதைச் செலவழித்துவிட வேண்டும். பாதிப் பேர் தங்களுக்காக, பாதிப் பேர் பிறருக்காக. மாலையில் விசாரித்தபோது பிறருக்குச் செலவழித்தவர்கள்தான் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். கையில் இருந்தது 5 டாலரா 20 டாலரா என்பது அந்த மகிழ்ச்சியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நேரத்துக்கும் இப்படி ஓர் உறை வேண்டும். வாரத்தில் ஒரு பொழுதை ஒதுக்கி, உதவி கேட்பவர்களை அந்தப் பொழுதுக்கு வரச் சொல்லுங்கள். சோன்யா லியுபொமிர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதிய ஒரு சோதனை எனக்கு இந்த யோசனையைத் தந்தது. மாணவர்கள் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து உதவிகள் செய்தார்கள். ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களின் மனநிறைவு கூடியது. வாரம் முழுக்கச் சிதறவிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. ஒரு சோதனையை வைத்து விதி எழுதிவிட முடியாதுதான். ஆனால் வேலைக்கு நடுவே பத்து முறை எழுந்து போய்வந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதை நம்புவது கடினமாக இருக்காது. அவசரம் என்று வருகிறவருக்கு விதிவிலக்கு உண்டு. எல்லாருமே அவசரம் என்று வந்தால் உங்கள் குறிப்பேடு காட்டிக்கொடுத்துவிடும்.

கடனா, கொடையா?

பணம் கைமாறுவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். திரும்பி வராவிட்டால் உறவு கசக்கும் என்று தோன்றுகிற தொகையைக் கடனாகக் கொடுக்காதீர்கள். அதில் எவ்வளவு போனாலும் மனம் தாங்கும் என்று பார்த்து, அவ்வளவை மட்டும் கொடையாகக் கொடுத்து, "இதைத் திருப்பித் தர வேண்டாம்" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். கடன்தான் என்றால் தொகை, திருப்பும் நாள், தவணை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையில்லாமல் எழுதுகிறார் என்று எண்ணுவாரோ என்ற தயக்கம் வரும். இரண்டு வருடம் கழித்து இருவரும் வேறு வேறு தொகையை நினைவில் வைத்திருப்பதைவிட அந்த ஐந்து நிமிடச் சங்கடம் எவ்வளவோ மேல்.

ஜாமீன் கையெழுத்தைச் சின்ன உதவியாக நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் மீதிக் கடன் உங்கள் தலையில் விழும். முழுத் தொகையையும் உங்களால் கட்ட முடியுமா, கட்டவும் மனம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்றால் மட்டும் பேனாவை எடுங்கள்.

நீர்நிலைகளில் உயிர் காக்கப் பயிற்சி பெறுகிறவர்களுக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுப்பார்கள். முதலில் கரையில் இருந்தபடியே கழியை நீட்டு. எட்டாவிட்டால் மிதவையையோ கயிற்றையோ எறி. அதுவும் ஆகாவிட்டால் படகில் போ. நீந்திப் போவது கடைசி வழி, அதுவும் பயிற்சி உள்ளவருக்கு மட்டும். மூழ்குகிறவர் பதற்றத்தில் காப்பாற்ற வந்தவரையே பற்றி அமுக்கிவிடுவார் என்பதுதான் காரணம். கடனில் மூழ்கியவருக்காக உங்கள் சேமிப்பை உடைப்பது நீரில் குதிப்பது போன்றது. வட்டிக் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது, கடன் கொடுத்தவரிடம் தவணை நீட்டிப்புக் கேட்கும் கடிதத்தை எழுத உதவுவது, கூடப் போய்ப் பேசுவது எல்லாம் கழியும் கயிறும். குதிப்பதற்கு முன் அவற்றைப் பார்த்துவிட்டீர்களா?

எதைக் கொடுப்பது

உங்களுக்கு எளிது, அவருக்குக் கடினம் என்று இருக்கிற ஒன்றைத் தேடுங்கள். கணக்காளருக்கு ஒரு படிவத்தைப் பார்ப்பது பத்து நிமிடம். படிவத்தைக் கண்டாலே வியர்க்கிறவருக்கு அது மூன்று நாள் தூக்கம். நாலு பேரைத் தெரிந்தவருக்கு ஓர் அறிமுகம் செய்துவைப்பது ஒரு குறுஞ்செய்தி; யாரையும் தெரியாதவருக்கு அது ஒரு வாசல். தொழில்முனைவர் ஆடம் ரிஃப்கின் இதை ஐந்து நிமிட உதவி என்று அழைத்து, அன்றாடப் பழக்கமாகவே வைத்திருப்பவர். தனக்கு ஐந்து நிமிடம், அடுத்தவருக்கு அதைவிடப் பல மடங்கு பயன் என்றால் யோசிக்காமல் செய்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் நண்பரின் முதல் கடிதமும் சின்ன வேலையாகத்தான் வந்தது.

கேட்டுவிட்டுக் கொடுங்கள்

மனக்குறையோடு வருகிறவரிடம் நான் இப்போதெல்லாம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நான் யோசனை சொல்ல வேண்டுமா, ஏதாவது செய்து தர வேண்டுமா, இல்லை கேட்டுக்கொண்டிருந்தால் போதுமா?" பாதிப் பேர் கடைசியைச் சொல்கிறார்கள். கேட்காத காலத்தில் அவர்களுக்கும் ஒரு மணி நேரம் யோசனை சொல்லிச் சோர்ந்திருக்கிறேன். அவர்களும் சோர்ந்திருப்பார்கள்.

பொருள் கொடுப்பதிலும் இப்படித்தான். நமக்கு வேண்டாதது அவருக்கு வேண்டியிருக்கும் என்று நாமாக முடிவு செய்வது வீட்டைச் சுத்தம் செய்கிற வேலை; அதற்குக் கொடை என்று பெயர் சூட்ட வேண்டாம். எது தேவை என்று அவரே சொல்லட்டும். பணமாகக் கொடுத்தால் போதும் என்றால், அதை எதற்குச் செலவழித்தார் என்று பின்னாலேயே போய்ப் பார்க்காதீர்கள்.

முடியாது என்று சொல்வது

ஃபிராங்க் ஃபிளின், வனெசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். உதவி கேட்கப் போகிறவர்கள், எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். எதிரில் இருப்பவருக்கு மறுப்பது எவ்வளவு கடினம் என்று கேட்கிறவருக்கு உறைப்பதில்லை. உங்களைக் கேட்டவர் கொடுமைக்காரர் அல்லர். உங்கள் தொண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிற மறுப்பு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மறுப்பைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். சாக்கு நீள நீள அதில் ஓட்டை தெரியும், கேட்கிறவர் அந்த ஓட்டையை அடைக்க வழி சொல்வார். "அந்த நாளில் உறவினர் வருகிறார்" என்றால் "அப்படியானால் மறுநாள்?" என்பார். வயதில் மூத்தவரிடம், "ஐயா, இந்த மாதம் என்னால் ஆகாது, மன்னிக்க வேண்டும்" என்பது போதும். நண்பரிடம், "முழுதும் எழுதித் தர முடியாது, நீ எழுதிக் கொண்டுவா, சனிக்கிழமை திருத்தித் தருகிறேன்" என்று பாதியை வைத்துக்கொண்டு பாதியைத் தள்ளலாம். பணம் கேட்டவரிடம், "கொடைக்கென்று வைத்திருந்தது இந்த மாதம் தீர்ந்துவிட்டது" என்று சொல்ல முடிவது தனி உறையின் பெரிய லாபம். அது பொய்யும் இல்லை, அவரைப் பற்றிய தீர்ப்பும் இல்லை.

உடனே பதில் சொல்ல வாய் வராவிட்டால், "நாளைக் காலையில் சொல்கிறேன்" என்று ஓர் இரவு வாங்குங்கள். வாங்கினால் மறுநாள் காலையில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இழுப்பது கைபேசியைக் கவிழ்த்து வைப்பதற்கு அடுத்த வீடு.

வாங்குகிறவர் கை தாழாமல்

இதைப் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள், அல்லது யோசிப்பதே இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூத அறிஞரும் மருத்துவருமான மைமோனிடிஸ் கொடையை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அடிப்படியில் இருப்பவர் முகம் சுளித்துக்கொண்டு கொடுக்கிறவர். மேலே போகப் போக, கேட்பதற்கு முன்பே கொடுப்பது, யாருக்குப் போகிறது என்று தெரியாமலே கொடுப்பது என்று வளரும். உச்சிப் படியில் அவர் வைத்தது, ஒருவர் இனி யாரிடமும் கேட்க வேண்டாத நிலைக்கு வரும்படி கடன் கொடுப்பதும், தொழிலில் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வதும், வேலை தேடித் தருவதும். தானத்தைவிடக் கூட்டுத்தொழிலை உயர்த்தி வைத்த அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும்.

இதை நடைமுறைப்படுத்த ஒரே ஒரு கேள்வி போதும்: நான் ஆறு மாதம் உதவினால், ஏழாம் மாதம் இவருக்கு நான் தேவைப்படுவேனா? ஆம் என்றே பதில் வந்தால் உதவியின் வடிவத்தை மாற்றுங்கள். கடிதம் எழுதித் தருவதற்குப் பதிலாக எழுதச் சொல்லிக் கொடுங்கள். தீராத நோய், முதுமை போன்றவற்றில் ஏழாம் மாதமும் நீங்கள் தேவைப்படத்தான் செய்வீர்கள். அங்கே செய்ய வேண்டியது ஆள் சேர்ப்பது. ஒருவர் தோளில் இருக்கும் பாரத்தை நான்கு பேர் முறைவைத்துத் தூக்கினால் நாலு வருடமும் போகும்.

திருப்பிக் கொடுக்க அவருக்கு இடம் விடுங்கள். பார்வை மங்கிய ஒரு முதியவருக்கு வாரம் ஒருமுறை கடிதங்களைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் அவர் வாசலில் நின்றபடியே, "இனிமேல் வர வேண்டாம் தம்பி, உனக்குச் சிரமம்" என்றார். எனக்குச் சிரமம் இல்லை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போகிற போக்கில், என் கைக்கடிகாரம் நின்றுவிட்டது என்றேன். அவர் இளமையில் கடிகாரம் பழுது பார்த்தவர். வாங்கிக் காதோரம் வைத்தார், மூடியை நகத்தால் நெம்பினார், விரல்நுனியால் உள்ளே தடவிப் பார்த்தார். கண் உதவாத இடத்தில் விரல் உதவியது. "அடுத்த வாரம் வா" என்றார். கடிகாரம் ஓடவே இல்லை என்பது வேறு விஷயம். அதன் பிறகு அந்த வீட்டுக்கு ஒன்றரை வருடம் போனேன்.

ஊற்று வற்றுவதற்கான அறிகுறிகள்

நீங்கள் உதவுகிறவருடைய பெயரைக் கைபேசித் திரையில் பார்த்ததும் வயிற்றில் ஒரு சுருக்கம். செய்ததை மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பது. மூன்றாம் மனிதரிடம் அவரைப் பற்றிச் சலித்துக்கொள்வது. வீட்டில் இருப்பவர்கள்மீது காரணமில்லாமல் எரிந்து விழுவது. இவற்றில் இரண்டு இருந்தால் இரண்டு வாரம் இறைப்பதை நிறுத்துங்கள். நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

கடமைக்காகச் செய்துகொண்டே போவோம், அவருக்காவது பயன்படட்டுமே என்று தோன்றும். நெட்டா வைன்ஸ்டீன், ரிச்சர்ட் ரயன் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வுகள் அந்தத் தியாகத்துக்கும் ஆதரவாக இல்லை. மனம் விரும்பிச் செய்தபோது உதவியவருக்கு நலம் கூடியது. உதவி பெற்றவருக்கும் கூடியது. வேறு வழியில்லாமல் செய்த உதவியில் அந்தப் பயன் கிட்டவில்லை.

பிறர் துன்பத்தைத் தினமும் பார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு குறிப்பு. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோரின் மூளை ஆய்வுகளில், அடுத்தவர் வலியைத் தன் வலியாகவே உணரப் பழகியவர்களுக்கு வேதனை மிகுந்தது. பிறகு அதே ஆட்களுக்கு, துன்பப்படுகிறவர் நலமடைய வேண்டும் என்ற பரிவை வளர்க்கும் பயிற்சி கொடுத்தபோது தெம்பு திரும்பியது. கூடச் சேர்ந்து அழுவதற்கும், கையைப் பிடித்துக்கொண்டு அருகில் இருப்பதற்கும் உள்ள தூரம் அது. இரண்டாவதைப் பழகிக்கொள்ளலாம் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஏற்கெனவே சிக்கியிருந்தால்

இப்போதே யாரிடமிருந்தாவது ஒளிந்துகொண்டிருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதையும் தொடங்குவதற்கு முன் அவரிடம் போங்கள். கைபேசிச் செய்தி வேண்டாம், நேரில் முடியாவிட்டால் குரலில். மூன்று வாக்கியம் போதும்: பதில் சொல்லாமல் இருந்தது என் தவறு, இப்படியே தொடர என்னால் முடியாது, இவ்வளவு என்னால் முடியும். மூன்றாவது வாக்கியத்தில் நாளும் நேரமும் இருக்க வேண்டும்.

நான் என் நண்பரிடம் போவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. படிக்கட்டில் நின்றபடியே மூன்று வாக்கியத்தையும் ஒப்பித்தேன். அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதை அப்போதே சொல்லியிருக்கலாமே. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்று வரை என்று பேசிக்கொண்டோம். அந்தச் சனிக்கிழமை ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். கையில் அவரே எழுதிய விண்ணப்பம் இருந்தது; முதல் பத்தியில் ஏழு எழுத்துப்பிழை.